முள்ளியின் கதவும் எலியின் கீறலும்

கரட்டுக் குன்றின் சரிவில் முள்ளி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு, வளைகளுக்குக் கதவு கட்டிக் கொடுத்துப் பிழைத்துவந்தாள். உதிர்ந்த முட்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சீந்தில்கொடியால் ஒரு முடிச்சுப் போடுவாள். வீட்டுக்காரர் தள்ளினால் கதவு திறக்கும். பாம்பு முட்டினால் முட்கள் அதன் முகத்தை நோக்கித் திரும்பும். அந்த முடிச்சை அவளும் அவள் கூட்டாளி குண்டலன் என்ற பெருச்சாளியும் மட்டுமே அறிவார்கள். ஒரு கதவுக்கு இரண்டு கிழங்கு கூலி.

மழைக்காலத்தில் ஓடைக்கரைப் புற்றுகள் மூழ்கும். பாம்புகள் மேட்டுக்கு ஏறிவரும். அப்போது முள்ளியின் வாசலில் நீண்ட வரிசை நிற்கும்.

ஒரு மழை முடிந்ததும் நொய்யி என்ற வயல் எலி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஒன்பது நாள் உன் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் பாம்பு வந்துவிட்டது. நான்கு குஞ்சுகள்!"

"எனக்கு இருப்பது இரண்டு கைதானே நொய்யி!"

"உனக்கு இரண்டு கை. இந்தக் குன்றில் எத்தனை கைகள் இருக்கின்றன! முடிச்சைக் காட்டியிருந்தால் நானே கட்டியிருக்க மாட்டேனா?"

அந்தக் கேள்வி முள்ளிக்குள் தைத்தது. முடிச்சை எல்லோருக்கும் காட்டிவிடலாம் என்றாள். குண்டலன் கொதித்தெழுந்தான்.

"காட்டிவிட்டு மண்ணையா தின்பது?"

"கட்டத் தெரியாதவர்கள் அப்போதும் நம்மிடம் வருவார்கள். அடுத்த மழையில் இன்னொருத்தி வந்து இப்படி நின்றால், பதில் சொல்ல நீ நிற்பாயா?"

குண்டலன் கீறுவதற்கு ஒரு கூர்ங்கல்லைத் தேடி எடுத்து வந்தான்.

குன்றின் நடுவே இருந்த அகன்ற பாறையில் முள்ளி முடிச்சின் ஒவ்வொரு சுற்றையும் கீறி வைத்தாள். அதன் கீழே நிபந்தனையையும் கீறினாள். யாரும் பார்க்கலாம், கட்டலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் முடிச்சை மறைக்கக் கூடாது. மாற்றினால், மாற்றியதை இதே பாறையில் கீறிவிட்டுப் போக வேண்டும்.

அடுத்த மழைக்குள் குன்றெங்கும் கதவுகள் முளைத்தன. முள் இல்லாதவர்கள் இலந்தை முள்ளை வைத்துக் கட்டினார்கள். குறுகிய வளைவாய்க்கு ஏற்ற கதவைக் கீரி ஒருத்தி வகுத்து, அதைப் பாறையிலும் கீறினாள். முள்ளிக்குப் பெருமை தாளவில்லை.

அந்தப் பெருமை அரை மாதம்கூட நீடிக்கவில்லை. தாங்களே கதவு கட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகக் குறை சொல்ல வந்தார்கள்.

"முள்ளியக்கா, உன் கதவு கிறீச்சிடுகிறது! பிள்ளைகள் தூங்குவதில்லை!"

"அதைக் கட்டியது நீதானே?"

"முடிச்சு உன்னுடையதுதானே! வந்து சரிசெய்!"

ஒரு வாய் நன்றி இல்லை, ஒரு கிழங்கு இல்லை. கொடியைப் பிடித்துக்கொள்ளக்கூட யாரும் கை நீட்டவில்லை. ஆனால் ஏச மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது. முள்ளி வளை வளையாக ஓடினாள். ஓட ஓட அவள் முதுகில் முட்கள் சிலிர்த்தன.

பிறகு வாசன் வந்தான். அவன் ஒரு புனுகுப்பூனை. பாறையைப் பார்த்து அப்படியே கதவு கட்டினான். முடிச்சின்மேல் களிமண்ணைப் பூசினான். களிமண்ணின்மேல் தன் புனுகைத் தடவினான். "புனுகுக் கதவு! என் சொந்தக் கைவண்ணம்! பத்துப் பழம்தான்!" என்று கூவி விற்றான்.

முள்ளி அவனை வழிமறித்தாள். "இது என் முடிச்சு!"

"எந்த முடிச்சு, தங்கச்சி? எனக்குக் களிமண்தான் தெரிகிறது."

"மறைக்கக் கூடாது என்று பாறையில் கீறியிருக்கிறேன்!"

"பாறையில் இருப்பதைப் பாறையே வந்து கேட்கட்டும்!" என்று சிரித்துவிட்டு வாசன் வாலை ஆட்டியபடி போனான்.

துள்ளி என்ற முயல் தன் வாசலில் முள்ளி கட்டிக் கொடுத்த கதவைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புனுகுக் கதவை மாட்டினாள். "உன்னுடையது முரட்டுக் கதவு அக்கா. வாசன் அண்ணனுடையது என்னமாய் மணக்கிறது!" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அன்றுதான் குண்டலன், "முள்ளி, பாறையின் ஓரத்தில் அந்த எலி ஏதோ கீறியிருக்கிறாள். உன்னைப் படிக்கச் சொல்கிறாள்" என்றான்.

முள்ளி சீறினாள். "ஊரே என் கழுத்தை நெரிக்கிறது, இதில் எலி வேறா! எலிக்குக் கதவைப் பற்றி என்ன தெரியும்!"

சில நாள் கழித்து நொய்யி மறுபடியும் சொல்லி அனுப்பினாள். முள்ளி மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

பிறகு மழை பிடித்தது. எந்த ஆண்டும் இல்லாதபடி மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் பிற்பகல் துள்ளி நனைந்து நடுங்கியபடி ஓடிவந்தாள்.

"பாவி! உன் முடிச்சு என் பிள்ளைகளைக் கொன்றுவிட்டது! பாம்பு முட்டியதும் கதவு அப்படியே சரிந்துவிட்டது. இரண்டு பேரும் போய்விட்டார்கள்!"

"நீ வாங்கியது வாசனின் கதவு!"

"அவன் சொல்லிவிட்டான்! கதவுதான் அவனுடையதாம், உள்ளே இருக்கும் முடிச்சு உன்னுடையதாம்!"

கதவு மணந்தபோது அது வாசனுடையது. பிள்ளைகள் செத்தபோது அது முள்ளியுடையது! முள்ளிக்குக் கண் இருண்டது. கூர்ங்கல் ஒன்றைக் கவ்விக்கொண்டு பாறைக்கு ஏறினாள். ஒரு கோடு விடாமல் அழித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். இனி எவரும் எதையும் பார்க்க வேண்டாம். எல்லோரும் வரிசையில் நிற்கட்டும்!

ஓரத்திலிருந்து அழிக்கத் தொடங்கக் கல்லை ஓங்கினாள். அங்கே சின்னஞ்சிறு கீறல்கள் இருந்தன, எலிப் பல்லின் அளவுக்கு. கல் அப்படியே நின்றது.

'சீந்தில்கொடி மூன்று நாள் நனைந்தால் ஊறி நெகிழ்கிறது. ஓடை நீரில் போட்டுப் பார்த்தேன். முள் திரும்பாது, கதவு சரியும். கற்றாழை நாரால் கட்டுங்கள். அது நனைந்தால் இறுகும்.'

அருகில் நாளுக்கு ஒன்றாகப் பதினொரு சிறு கோடுகள். நொய்யி பதினொரு நாள் வந்து, யாராவது படித்தார்களா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மழைக்கு இது மூன்றாம் நாள். முள்ளியின் சொந்தக் கதவும் சீந்தில்கொடியால் கட்டியதுதான். உள்ளே அவளுடைய இரண்டு குட்டிகள்!

கல்லை எறிந்துவிட்டுச் சரிவில் உருண்டும் புரண்டும் ஓடினாள். வாசலில் ஈர மண்ணில் பாம்பு ஊர்ந்த தடம் தெரிந்தது. தடம் கதவுவரை வந்திருந்தது. அங்கிருந்து திரும்பிப் போயிருந்தது. கதவில் சீந்தில்கொடி இல்லை. வெளுத்த கற்றாழை நார் இறுகிக் கிடந்தது. பக்கத்துக் கல்லிடுக்கில் நொய்யி உட்கார்ந்திருந்தாள். நார் அறுத்து அவள் கைகளில் ரத்தம் கசிந்தது.

"உள்ளேதான் இருக்கிறார்கள். இரண்டு பேரும்" என்றாள்.

முள்ளி கதவைத் தள்ளி, குட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். நொய்யி பின்னாலிருந்து சீறினாள்.

"பதினொரு நாள்! இரண்டு முறை ஆள் அனுப்பினேன். என்ன பதில் வந்தது? எலிக்கு என்ன தெரியும்! நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்குக் கதவைப் பற்றித் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கீறுங்கள் என்று எங்களைக் கூப்பிட்டது நீதானே! கூப்பிட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால், உனக்கும் அந்தப் புனுகுப்பூனைக்கும் என்ன வேறுபாடு? நீ படித்திருந்தால் முயலின் குட்டிகளும் இன்று இருந்திருக்கும்!"

"அப்படியானால் என் கதவை ஏன் கட்டினாய்?"

"உனக்காகவா கட்டினேன்? உள்ளே இருப்பவர்கள் எலியை இளக்காரமாகப் பேசவில்லை."

முள்ளி தலைகுனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து, கொடியை அவிழ்த்து நாரால் கட்டச் சொல்லிவர மழையிலேயே குண்டலனை வளை வளையாக விரட்டினாள். முடிச்சு வெளியே தெரிந்த கதவுகளை வீட்டுக்காரர்களே பொழுது சாய்வதற்குள் நாரால் கட்டி முடித்தார்கள். புனுகுக் கதவுக்காரர்கள் எதை அவிழ்ப்பது, எங்கே கட்டுவது என்று தெரியாமல் வாசனின் வாசலில் திரண்டு நின்று கத்தினார்கள்.

வாசன் பதுங்கிப் பதுங்கி வந்தான். "தங்கச்சி, அந்தப் புது முறை..."

"பாறையில் இருக்கிறது. உனக்கும் சேர்த்துத்தான் கீறியிருக்கிறது. முதலில் ஊர் பார்க்க உன் களிமண்ணை உன் நகத்தாலேயே சுரண்டிப் போடு!"

வாசன் சுரண்டினான். ஒவ்வொரு கதவிலும் களிமண்ணுக்குள்ளிருந்து முள்ளியின் முடிச்சு வெளிப்பட்டது. துள்ளி அதைப் பார்த்தாள். தான் பிடுங்கி எறிந்த கதவு கிடந்த திசையையும் பார்த்தாள். அதன்பிறகு வாசனிடம் எவரும் கதவு வாங்கவில்லை.

முள்ளி பாறையில் புதிய முடிச்சைப் பெரிதாகக் கீறி, அதன் அருகே நொய்யியின் பெயரையும் கீறினாள். மறுநாளிலிருந்து கிழங்கைத் தொடுவதற்கு முன் பாறையைப் படித்துவிட்டு வந்தாள். குறை மட்டும் சொல்ல வந்தவர்களிடம், "நாரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பேசு!" என்றாள்.

பொதுவில் வைத்த அறிவை மறைத்து விற்கும் திருடரையும், எடுத்துக்கொண்டு ஏசும் நன்றிகெட்டவரையும் எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டு, பிழையைத் திருத்த வந்த எளியவரின் சொல்லைக் கேளாதவர், தம் வீட்டுக் கதவைத் தாமே பாம்புக்குத் திறந்துவிடுகிறார்.