கரிச்சட்டி என்ற பேர்

ஏரி நடுவே பட்டுப்போன ஒரு கருவேல மரம் நின்றது. அதில் நீர்க்காகங்கள் குடியிருந்தன. கிளை நுனியில் தும்பை என்ற வெள்ளைக் கொக்கும் இருந்தது. நீர்க்காகங்களோடு கூடி மீன் பிடித்ததற்காக, "இனி இந்தப் பக்கமே வராதே!" என்று கொக்குக் கூட்டம் அதைத் துரத்திவிட்டது. அந்தக் கிளை நுனியை விட்டால் தும்பைக்கு வேறு போக்கிடம் இல்லை.

நீர்க்காகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெயில் சாய்ந்ததும் ஈரச் சிறகை விரித்துக் காயவைத்தபடி, எல்லாரும் திரும்பியாயிற்றா என்று வரிசையாகக் குரல் கொடுக்கும். "ஏ கரிச்சட்டி!" என்று ஒன்று கூப்பிடும். "வந்துட்டேன்டா கரிச்சட்டி!" என்று அடுத்தது சொல்லும். முன்பு கரையிலிருந்து அவற்றை விரட்டுவதற்குக் கொக்குகள் வைத்த பேர் அது. அதையே நீர்க்காகங்கள் பிடுங்கி, தங்களுக்குள் செல்லப் பேராக்கிக்கொண்டன. கெட்டிக்காரப் பறவைகள்தான், போங்கள்!

குரல் தினமும் கடைசி நீர்க்காகமான அஞ்சனையோடு நின்றுவிடும். அடுத்து உட்கார்ந்திருக்கும் தும்பை வந்ததா, செத்ததா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அது தனியாக இருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உரக்கக் கத்திவிட்டது.

"நானும் வந்துட்டேன், கரிச்சட்டிங்களா!"

விரித்திருந்த சிறகுகள் எல்லாம் சட்டென்று மடங்கின.

"யாரைடி சொன்னே?" என்று சீறியது மருது என்ற நீர்க்காகம்.

"நீங்க சொல்றதைத்தானே சொன்னேன்! உங்களுக்காக என் சனத்தையே விட்டுட்டு வந்தவ நான்!"

"பாசத்துல சொல்லிட்டா, விடு மருது!" என்றது ஒரு குரல்.

"பாசமா? இந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கம்மாவைக் கொத்துனாங்க. இவளை அப்படிச் சொல்லி யாரு கொத்துனா?"

பக்கத்தில் இருக்கும் அஞ்சனையாவது தனக்காகப் பேசும் என்று தும்பை எதிர்பார்த்தது. அஞ்சனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. தும்பைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் அஞ்சனையின் குஞ்சு கரையோரம் மீன் தேடிப் போனது. "ஓடு கரிச்சட்டி!" என்று ஒரு கொக்கு அதன் தலையில் கொத்தியது. அஞ்சனை பதறிக்கொண்டு பறந்து வந்தது.

"என் பிள்ளையை அப்படிச் சொல்லாதே!"

"ஏன் சொல்லக்கூடாது? நேத்து எங்க தும்பை சொன்னது கரை வரைக்கும் கேட்டுச்சே! அவ சொன்னா இனிக்குது, நாங்க சொன்னா கசக்குதா?"

எங்க தும்பையாம்! துரத்தும்போது இல்லாத உறவு இப்போது முளைத்துவிட்டது. சற்றுத் தள்ளி மீன் தேடிக்கொண்டிருந்த தும்பை அதைக் கேட்டுப் பாய்ந்து வந்து குறுக்கே நின்றது.

"நான் சொன்னதும் தப்புதான்! என்னைச் சாக்கு வச்சு நீ சொல்லாதே!"

கொக்கு முறைத்துவிட்டுப் போனது. தும்பை ஆசையாகக் குஞ்சின் பக்கம் திரும்பியது. குஞ்சோ அதன் வெள்ளைச் சிறகைப் பார்த்து நடுங்கி, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. தான் கத்திய சொல் எங்கே போய் விழுந்தது என்று தும்பைக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை அது மரத்துக்குப் போகவில்லை. மதகுக் கல்லில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தது. தூரத்தில் குரல் வரிசையாக வந்தது. வழக்கம்போல் அஞ்சனையோடு நின்றது. அவ்வளவுதான், இனி நமக்கு யாருமில்லை என்று தும்பை தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.

"தும்பை! எங்கடி போய்த் தொலைஞ்சே?"

அஞ்சனைதான் கூப்பிட்டது. தன் பேரைத் தும்பை அந்த வரிசையில் கேட்பது அதுவே முதல் தடவை. பறந்து போய்க் கிளை நுனியில் உட்கார்ந்தது. குஞ்சு மெல்ல நகர்ந்து அம்மாவின் மறுபக்கம் போனது. தும்பை அதைப் பார்த்தது. வலித்தது.

"வந்துட்டேன்" என்றது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அடிபட்டவர்கள் தங்கள் வலியிலிருந்து மீட்டெடுத்த சொல் அவர்களுக்கே உரியது. எவ்வளவு அன்பு இருந்தாலும் மற்றவர்கள் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.