கலிங்கை அடைத்த கரடி

மலையடிவாரக் காட்டில் இருந்த பெரிய குளத்தை யானைகள் கட்டின. எந்தக் காலத்தில் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டம் எப்போதோ அழிந்துவிட்டது. அவை பாறைகளை அடுக்கி எழுப்பிய கரை மட்டும் அப்படியே நின்றது. கரையின் ஓரத்தில் ஒரு கலிங்கு இருந்தது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தக் கல் திறப்பு வழியாக வழிந்து ஓடைக்குப் போய்விடும்.

காட்டின் தலைவனான கொற்றன் என்ற கரடிக்கு இது பிடிக்கவில்லை.

"வருஷா வருஷம் இவ்வளவு தண்ணீர் வீணாக ஓடுகிறதே. அந்த யானைகளுக்கு உடம்பு இருந்த அளவுக்கு மூளை இல்லை" என்றது.

குரங்குகள் ஆமாம் போட்டன. மூங்கிலும் களிமண்ணும் கொண்டுவந்து கலிங்கை அடைத்தன. கரையின் மேலும் இரண்டு முழத்துக்கு மண்ணைக் கொட்டி உயர்த்தின. ஆவணி மழையிலேயே குளம் என்றும் இல்லாத அளவுக்கு நிறைந்தது. கொற்றன் எல்லா விலங்குகளையும் கரைக்கு வரவழைத்தது.

"முன்னோரை மிஞ்சிவிட்டோம் என்று எல்லோரும் உரக்கச் சொல்லுங்கள்!"

எல்லாம் சொல்லின. அலரி என்ற நீர்நாய் மட்டும் சொல்லவில்லை. அது அந்தக் குளத்திலேயே பிறந்து வளர்ந்தது.

"உனக்கு வாய் இல்லையா?" என்று கரடி கேட்டது.

"இருக்கிறது, தலைவரே. அதனால்தான் கேட்கிறேன். இன்னும் மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?"

"ஏன் போக வேண்டும்? இங்கேயே இருக்கட்டும்."

"இருக்கிறேன் என்று தண்ணீர் சொன்னதா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கரடிக்குக் கோபம் தலைக்கேறியது. "சொல்லு. இல்லையென்றால் குளத்தை விட்டுப் போ."

"சொல்லவும் மாட்டேன், போகவும் மாட்டேன். கரைக்குக் கீழே முள்ளம்பன்றியும் முயல்களும் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. கரை உடைந்தால் அவற்றின் குட்டிகள்தான் முதலில் சாகும்."

அன்று முதல் அலரியோடு யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது. அது தலை தூக்கும்போதெல்லாம் குரங்குகள் கல் எறிந்தன. ஒரு கல் பட்டு இடது காது கிழிந்தது. ஆனாலும் அது குளத்தை விட்டுப் போகவில்லை. தினமும் கரையோரம் நீந்திப் பார்த்து, முள்ளம்பன்றியிடம் போய் எச்சரித்தது.

"அக்கா, தலைவரை எதிர்த்தால் எனக்கு இந்தக் காட்டில் இடம் ஏது?" என்று முள்ளம்பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. மூன்றாம் நாள் நண்பகலில் கரையின் அடியிலிருந்து செம்மண் கலந்த நீர் கசியத் தொடங்கியது. அலரி கலிங்கின் மேல் ஏறி, அடைத்திருந்த களிமண்ணைப் பறித்தது. குரங்குகள் கத்திய சத்தம் கேட்டுக் கரடி ஓடிவந்தது.

"இன்னும் ஒரு பிடி மண்ணை எடுத்தால் உன்னைக் கொன்றுவிடுவேன்."

"கொல்லுவதென்றால் கொல்லுங்கள். அதுவரை என் கை நிற்காது."

கரடி கையை ஓங்கியது. அப்போது முள்ளம்பன்றி மேலே ஏறி வந்தது. அதன் வளைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அது முட்களைச் சிலிர்த்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றது. பின்னாலேயே முயல்கள் வந்து அடைப்பு மண்ணைத் தோண்டின.

அந்த நேரம் கரடியின் காலடியில் ஒரு பாறை அசைந்தது. கரடி கீழே பார்த்தது. உடனே குனிந்து, மூங்கில்களைத் தானே பிடுங்கத் தொடங்கியது. அடைப்பு உடைந்து தண்ணீர் சீறிக்கொண்டு ஓடைக்குப் பாய்ந்தது. மாலைக்குள் மட்டம் இறங்கியது. சில வளைகள் போயின. குட்டிகள் எல்லாம் பிழைத்தன.

மறுநாள் கொற்றன் மறுபடியும் கூட்டம் போட்டது. "யானைகள் தெய்வங்கள். இனி இந்தக் கரையில் ஒரு கல்லையும் யாரும் தொடக் கூடாது. பூப் போட்டுக் கும்பிடுங்கள்."

குரங்குகள் பூப் பறிக்க ஓடின. அலரி வழியை மறித்தது.

"அன்று மூளை இல்லை என்றீர்கள், இன்று தெய்வம் என்கிறீர்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. கலிங்கின் அடியில் போய்ப் பாருங்கள். முதலில் வைத்த கல் விரிசல் விட்டுக் கிடக்கிறது. அதன்மேல் அவையே வேறு கல் வைத்திருக்கின்றன. யானைகளும் தவறு செய்தன, பிறகு திருத்திக்கொண்டன. போன கோடையில் தண்ணீர் இல்லாமல் ஏழு மான்கள் செத்தன. ஆகவே கரையை உயர்த்தத்தான் வேண்டும். மண்ணால் வேண்டாம், கல்லால் உயர்த்துவோம். கலிங்கையும் கூடவே உயர்த்தி அகலமாக்குவோம்."

"யானைகள் செய்யாததை நாம் செய்யலாமா?" என்று ஒரு குரங்கு நடுங்கியது.

"அவை வருவதற்கு முன் இங்கே குளமே இல்லை. யாரைக் கேட்டுக் கட்டின?"

கொற்றன் கலிங்கின் அடிக்கு இறங்கிப் போய், விரிசல் விட்ட கல்லைப் பார்த்தது.

தண்ணீர் வற்றியதும் வேலை தொடங்கியது. கனமான கற்களைக் கொற்றனே தூக்கி வந்தது. எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று அலரி சொன்னது. அடுத்த மழையில் குளம் ஒரு முழம் கூடுதலாக நிறைந்தது. மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக அமைதியாக வழிந்தது. அதன் பின் வந்த கோடையில் ஒரு மான்கூடத் தாகத்தால் சாகவில்லை.

முன்னோரைப் பழிப்பவரும் வெறுமனே தொழுபவரும் அவர்களை மிஞ்சுவதில்லை. அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அறிந்து, துணிந்து மேலே ஒரு கல் வைப்பவரே மிஞ்சுவார்.