எப்சிபா செய்த கேபிள்

“மாஸ்டர், உங்க கேபிள்ல மட்டும் ஏன் இரைச்சலே வரமாட்டேங்குது? அதுக்குள்ள அப்படி என்னதான் வைக்கிறீங்க?”

கேட்டவர் ஏகாம்பரம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தலையில் பாதி காலி, மீதி வெள்ளை.

அவர் மாஸ்டர் என்று கூப்பிட்டவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடிப் பெண், பெயர் எப்சிபா. சாலிகிராமத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்குக் கேபிள் செய்து கொடுப்பவள். கரண்ட் போகிற கேபிள், குரல் போகிற கேபிள், இரண்டும் செய்வாள். கடையில் தொங்குகிற கேபிள் ஊருக்கெல்லாம் பொது. இவள் செய்வது கேட்டு வந்த ஆளுக்கு மட்டும்.

“நான் வைக்குததுல ஒண்ணுமே கெடையாது அண்ணாச்சி,” என்றாள்.

ஏகாம்பரம் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

“வெள்ளிக் கம்பியா?”

“செம்பு.”

“ஈயம் ஃபாரினா?”

“ரிச்சி தெரு.”

“அப்புறம் எப்படி?”

“பையக் கொட்டுங்க.”

கொட்டினார். ஒலி பதியும் பெட்டி ஒன்று, நடிகர்களின் மைக்கிலிருந்து குரலை வாங்கும் ரிசீவர் ஒன்று, விதவிதமான பேட்டரிகள், அவற்றுக்கெல்லாம் வயர், வயருக்கு வயர். நூடுல்ஸ் மாதிரி வந்து விழுந்தது.

எப்சிபா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

“கொசுவுக்குக் கல்யாணம் நடக்குது அண்ணாச்சி உள்ள.”

“சிரிக்காதீங்க மாஸ்டர். ஒரு பொண்ணோட பொழப்பு இதுல தொங்குது.”

அது உண்மை.

ஏகாம்பரம் இருபது வருடம் டப்பிங் தியேட்டரில் வேலை பார்த்தவர். ஏசி அறை, கண்ணாடித் தடுப்பு, யாரோ இழுத்துவைத்த வயர். திரையில் கதாநாயகி வாயசைப்பாள். இன்னொருத்தி வந்து பேசிவிட்டுப் போவாள். அந்தக் குரலை இந்த உதட்டில் ஒட்டவைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவர் இப்போதுதான் முதல்முறையாக வெயிலில் நின்று, நடிகர்கள் பேசப்பேசவே பதிவு செய்கிறார். காரணம் அஞ்சுகம். புதுமுகம், வடலூர்ப் பக்கத்துப் பெண். குரல் கொஞ்சம் கரடுமுரடு. முதல் நாள் ஒத்திகையில் அதைக் கேட்டதும் ஏகாம்பரம் கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துவிட்டார். இத்தனை காலத்தில் ஒரு குரலை மாற்ற வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

தயாரிப்பாளர் குப்புராஜுக்கு அப்படித் தோன்றவில்லை.

“இந்தக் குரலை வச்சுக்கிட்டு ஹீரோயினா? மாத்திடுங்க.”

ஏகாம்பரம் சண்டை போட்டார். கெஞ்சினார். கடைசியில் குப்புராஜ் ஒரு வாக்குக் கொடுத்தார்.

“புகைபோக்கி சீன் இருக்கில்ல? அதுல அந்தப் பொண்ணு பேசறது சுத்தமா வந்துட்டா, படம் முழுக்க அவ குரலே இருக்கட்டும். வரலைன்னா நீங்களே உட்கார்ந்து வேற குரல் போட்டுக் குடுக்கணும்.”

நீங்களே என்று சொன்னதுதான் ஏகாம்பரத்தைக் குத்தியது.

புகைபோக்கி நிஜமானது. மூடிக்கிடந்த சர்க்கரை ஆலை ஒன்றின் புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்க்கப் போகிறார்கள். அது விழுவதற்கு ஒரு நொடி முன்னால் அஞ்சுகம் ஒரே ஒரு வரி பேச வேண்டும். விழுந்ததை மறுபடி நிமிர்த்தி வைத்து ஒன்மோர் கேட்க முடியாது.

இவ்வளவையும் கேட்ட எப்சிபாவின் கண் விரிந்தது.

“புகைபோக்கி நெசமாவே விழுமா?”

“விழும்.”

“நானும் வாரேன்!”

“வாங்க மாஸ்டர். முதல்ல இந்தக் கொசுவை விரட்டுங்க.”

“பையை மாட்டுங்க.”

மாட்டினார்.

“நடங்க. உட்காருங்க. குனிஞ்சு செருப்பத் தொடுங்க.”

“எதுக்கு?”

“ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கறவங்க எதுக்குன்னு கேப்பாங்களா?”

தையல்காரர் போலவே நாடாவை வைத்து அளந்தாள். பெட்டியிலிருந்து ரிசீவருக்கு இவ்வளவு. அவர் இடதுகைக்காரர் என்பதால் வளைவு இந்தப் பக்கம். பேட்டரிகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்து வைத்தாள். அந்த ஒரு பேட்டரியிலிருந்து இரண்டு பெட்டிகளுக்கும் கரண்ட் போகும்படி கேபிள் செய்தாள். பிறகு ரிசீவரிலிருந்து பெட்டிக்குக் குரல் போகிற கேபிளைச் செய்து, முனையை மூடித் திருகினாள்.

“இப்பக் கேளுங்க.”

ஏகாம்பரம் ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார்.

“கேக்கல!” என்று கத்தினார். “மாஸ்டர், ஒண்ணுமே கேக்கல!”

காது கேட்கவில்லை என்று இவ்வளவு சந்தோஷமாகக் கத்திய மனிதரை அந்தத் தெரு பார்த்திருக்காது. கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவருக்கு ஆசை வந்துவிட்டது.

“எனக்கும் கத்துக்குடுங்க மாஸ்டர்.”

அவள் மறுக்கவில்லை. மறுநாளே அவர் கையில் சால்ட்ரிங் கோல். கம்பியைச் சீவினார், முறுக்கினார், ஈயத்தை உருக்கி வைத்தார். நெற்றியில் வியர்வை, நாக்கு வெளியே. மூன்று கம்பியும் மூன்று முத்து வைத்தது போல உட்கார்ந்துவிட்டன.

“எப்படி?”

எப்சிபா மேசையைக் காட்டினாள். முனையை மூடுகிற மூடி அங்கே தனியாகக் கிடந்தது. அதை முதலிலேயே கேபிளில் கோத்துவிட்டுத்தான் சால்ட்ரிங் செய்ய வேண்டும். முத்து வைத்த பிறகு மூடியைக் கோக்க வழியே இல்லை.

ஏகாம்பரம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“வெட்டிட்டுத் திரும்பச் செய்யுங்க. இந்த வேலையில மூடிய மறக்காதவங்க கெடையாது. நானும் எத்தனையோ தடவ மறந்திருக்கேன்.”

“நீங்களுமா?”

“நானுந்தான்.”

அதைக் கேட்டதில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதிக்கு அளவே இல்லை. மாஸ்டரும் மறப்பாள் என்பதை மனசில் பத்திரமாக எழுதிவைத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

படப்பிடிப்பு நாள். காலை வெயில். ஆலையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தூரத்து மாடிகளில் எல்லாம் ஜனம். புகைபோக்கி தன் கதை முடியப் போவது தெரியாமல் நிமிர்ந்து நின்றது. முதல் சங்கு ஊதினால் எல்லோரும் இடத்துக்குப் போக வேண்டும், இரண்டாவது ஊதினால் யாரும் அசையக் கூடாது, மூன்றாவது நின்றதும் வசனம், வசனம் முடிந்ததும் வெடி.

எப்சிபா கயிற்றுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டாள். திருவிழாவுக்கு வந்தவள் போல வேர்க்கடலை வாங்கிக்கொண்டாள்.

ஏகாம்பரம் சோதித்துப் பார்த்தார். இரைச்சல் இல்லை. எல்லாம் தயார்.

அப்போதாவது மனிதர் சும்மா இருந்திருக்கலாம்.

புதிதாக ஸ்கூட்டர் வாங்கியவன் தீப்பெட்டி வாங்கக்கூட ஸ்கூட்டரில்தான் போவான். ஏகாம்பரத்தின் பையில் பேட்டரியில் ஓடும் சால்ட்ரிங் கோல் ஒன்று புத்தம் புதிதாக இருந்தது. மாஸ்டர் வேலை உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு பார்வை பார்க்கலாமே என்று குரல் கேபிளின் மூடியைத் திருகினார்.

உள்ளே மூன்று கம்பி. இரண்டு முனையோடு சேர்ந்திருந்தன. மூன்றாவது கம்பி, கேபிளுக்குள் சுற்றியிருக்கும் செம்பு வலையிலிருந்து வருவது, எதிலும் சேரவில்லை. கறுப்புக் குழாய் ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஓரமாகப் படுத்திருந்தது.

“ஐயோ பாவம்,” என்றார் ஏகாம்பரம். “அப்புறம் சேக்கலாம்னு ஒதுக்கி வச்சிருக்கா. மறந்துட்டா.”

மனசு இளகிவிட்டது. மாஸ்டர் மானம் போகாமல் தானே சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தார். கறுப்புக் குழாயை உருவினார். முத்து போல ஒரு சொட்டு ஈயம். மூன்றும் சேர்ந்தன. மூடியைத் திருகினார்.

முதல் சங்கு ஊதியது.

ஹெட்போனை மாட்டினார்.

உய்ய்ய்ய்.

மொத்தக் கொசுக்கூட்டமும் திரும்பி வந்திருந்தது.

அஞ்சுகம் தன் இடத்தில் போய் நின்றுவிட்டாள். அவள் உதடு அசைவது தெரிந்தது, வசனத்தைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள். ஹெட்போனில் அந்த முணுமுணுப்பின்மேல் ஊசி ஊசியாக இரைச்சல். இன்னும் சில நிமிடத்தில் அந்தக் குரல் போய்விடும். எடுத்துவிடப் போகிறவரும் அவரே.

பையோடு ஓடினார்.

“மாஸ்டர்! இரையுது!”

“என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல. நீங்க ஒரு கம்பியைச் சேக்க மறந்துட்டீங்க. நான் சேத்துட்டேன்.”

எப்சிபா கடலையை மெல்வதை நிறுத்தினாள்.

“மறந்தேன்னு யாரு சொன்னா?”

“பின்ன?”

கடலைப் பொட்டலத்தை அவர் பை மேல் வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கி, விரல் நுனிகளைச் சேர்த்து ஒரு வட்டம் செய்தாள். அதன் வழியே அவரைப் பார்த்தாள்.

“ஒரே பேட்டரி. கரண்ட் கேபிள் வழியா ரெண்டு பெட்டியும் ஏற்கெனவே கைகோத்துத்தான் நிக்கு. இங்கயும் கோத்துட்டீங்கன்னா வட்டமாயிரும். வேண்டாததெல்லாம் அதுக்குள்ள சுத்தும்.”

ஒரு பக்கத்து விரலை மட்டும் விலக்கினாள். வட்டம் அறுந்தது.

“முன்னாடியே சொல்லக் கூடாதா மாஸ்டர்?”

“வைக்குததுல ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னம்லா.”

“நீங்களே பிரிச்சு விடுங்க மாஸ்டர்.”

அவள் பிரிக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து கட்டரை எடுத்து நீட்டினாள்.

ஏகாம்பரம் வாங்கினார். முட்டி போட்டு உட்கார்ந்தார். மூடியைத் திருகினார். தானே வைத்த முத்து வெயிலில் பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது. அவர் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த சால்ட்ரிங் அதுதான்.

வெட்டினார்.

கறுப்புக் குழாயை மாட்டி, கம்பியை ஓரமாக மடக்கி, மூடியைத் திருகும்போது இரண்டாவது சங்கு ஊதியது. ஊதி முடிவதற்குள் தட்டுத்தடுமாறி ஓடித் தன் இடத்தில் போய் நின்றார். கடலைப் பொட்டலம் வழியெல்லாம் சிந்தியது.

ஹெட்போன்.

ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததுக்குள் ஒரு மூச்சு கேட்டது. அஞ்சுகத்தின் மூச்சு. அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. சேலைக்குள் ஒளித்து வைத்த மைக்கில் அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பதுகூடக் கேட்டது. ஏகாம்பரத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்க நேரமில்லை.

மூன்றாவது சங்கு நின்றது.

அஞ்சுகம் சொன்னாள்:

“அது போவட்டும். நான் இருக்கேன்.”

வெடித்தது.

புகைபோக்கி ஒரு கணம் யோசித்தது. பிறகு இடுப்பு ஒடிந்து, மெதுவாகச் சாய்ந்து, பூமி குலுங்க விழுந்தது. செங்கல் புழுதி மேகமாகக் கிளம்பி ஆலையை மூடியது. மாடிகளில் இருந்த ஜனம் ஹோவென்று கத்தியது. எப்சிபா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அஞ்சுகம் புழுதிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே ஓடிவந்தாள். புருவம்கூடச் சிவந்திருந்தது.

“வந்துச்சா சார்? என் குரல் வந்துச்சா?”

பின்னாலேயே குப்புராஜ் வந்தார். ஏகாம்பரம் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, பதிவை ஓடவிட்டார்.

குப்புராஜ் கேட்டார். திரும்ப ஓடவிடச் சொன்னார். கேட்டார்.

“ஏகாம்பரம்,” என்றார், “நீங்க ஜெயிச்சிட்டீங்க. சொன்ன வார்த்தை சொன்னதுதான். படம் முழுக்க இந்தப் பொண்ணே பேசட்டும்.”

அஞ்சுகம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரே ஒரு இடம்,” என்றார் குப்புராஜ், ஹெட்போனைக் கழற்றாமலே. “கடைசியில ‘இருக்கேன்’ங்கறப்ப குரல் கொஞ்சம் உடையுது பாருங்க. அந்தச் சொல்லை மட்டும் வேற ஆளை வச்சுப் பேசவெச்சு, நடுவுல சேத்துடலாம். வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது. உங்களுக்கு இது ஒரு வேலையா?”

வேலையே இல்லை. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். இருபது வருடமாக அதைத்தான் செய்தார்.

அஞ்சுகத்தைப் பார்த்தார்.

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“சேத்தா இரைச்சல் வரும் சார்,” என்றார்.