அம்மா உடைக்க விடாத இஞ்சிரொட்டி வீடு

முன்னொரு காலத்தில், கதை சொல்கிற எனக்குப் பல்லே முளைக்காத காலத்துக்கும் முன்னால், பனிமுடி என்றொரு நாடு இருந்தது. பண்டிகை வந்தால் அங்கே வீட்டுக்கு வீடு இஞ்சிரொட்டியில் குட்டி வீடு கட்டுவார்கள். இஞ்சியும் வெல்லமும் போட்டுச் சுட்ட சுவர், பாகில் ஒட்டிய கூரை, வாசலெங்கும் சீரக மிட்டாய்! ஒரே ஒரு கட்டளை: விளக்கு வைப்பதற்குள் கடைக்குட்டி அதை உடைத்து எல்லோருக்கும் பங்கு தர வேண்டும். உடைக்காத வீடு மந்திரவாதி வல்லூறனுக்கு.

பவளாயிதான் அவள் வீட்டுக் கடைக்குட்டி. அந்த வருஷம் அப்பா சுவர் சுட்டார். அண்ணன் கூரை ஒட்டினான். அம்மா குழைத்த சர்க்கரையால் சுவரெல்லாம் முல்லைக்கொடி வரைந்தாள். பவளாயி கையை ஓங்கியதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்டி. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

ஆசை யாரை விட்டது? பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தெருவில் விளக்கேற்றி விட்டார்கள். கதவு தானாகத் திறந்தது.

தோளில் மூட்டையோடு வல்லூறன் நின்றான். "உடைக்காத வீடு எனக்கு! கட்டியவர்களும் எனக்கு!"

விரலைச் சொடுக்கினான், அப்பா எறும்பாய்ச் சுருங்கி ரொட்டி வீட்டுக்குள் போனார். சொடுக்கினான், அண்ணன் போனான். சொடுக்கினான், அம்மாவும் போனாள். பவளாயி எதையும் கட்டவில்லை, அதனால் தப்பினாள். பாய்ந்து வந்து கையை ஓங்கினாள்.

"உடை, உடை! உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து நொறுங்குவார்கள்" என்று சிரித்தான் வல்லூறன்.

அவள் கை இறங்கியது. ரொட்டி வீட்டை உள்ளே போட அவன் மூட்டையை அவிழ்க்கவும் மறுபடி ஓங்கினாள்.

"வேண்டாம் பெண்ணே! உன்னை ராஜகுமாரி ஆக்குகிறேன்." இப்போது அவன் சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை ஓங்கினாள்.

"வேண்டாம் தாயே! உன் காலில் விழுகிறேன்!"

பவளாயி அவனை உற்றுப் பார்த்தாள். "எங்கம்மா நொறுங்கினா எனக்கில்ல வலிக்கணும்? நீ ஏன் பதறுற?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல வல்லூறன் விழித்தான். ஆனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை. தன் கணக்குத் தப்பாக இருந்தால்? கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "அம்மா!" என்று கத்தியபடி ஓங்கிக் குத்தினாள்.

படார்!

கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. யாரோ இருமினார்கள். தலையெல்லாம் ரொட்டித்தூளோடு அப்பா! பக்கத்தில் அண்ணன், அம்மா! ஒரு வீடு உடைந்ததும் மந்திரமே உடைந்துபோனது. மூட்டைக்குள் அவன் முன்பே அள்ளி வைத்திருந்த வீடுகளும் படபடவென்று வெடித்தன. எந்தெந்த வருஷமோ காணாமல் போன குடும்பங்கள் எல்லாம் கூடத்தில் வந்து விழுந்தன. வல்லூறன் ஒரு பிடி சர்க்கரையாக உதிர்ந்தான். அதை எறும்புகூட மோந்து பார்க்கவில்லை.

அம்மா தேடித்தேடி முல்லைக்கொடி வரைந்த துண்டை எடுத்தாள். எடுத்தவள் அழுதுவிட்டாள். "என் ஆசைதான்டி உங்களையெல்லாம் அடைச்சிடுச்சு. சாப்பிடு கண்ணு" என்று மகளுக்கு ஊட்டினாள்.

மிச்சத்தைப் பவளாயி பங்கு போட்டாள். அத்தனை கூட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு விரல்நுனிதான் கிடைத்தது. ஆனால் ஒருவர் வாயும் இனிக்காமல் போகவில்லை. அவர்கள் அங்கே தின்று தீர்த்தார்கள், நாம் இங்கே சப்புக்கொட்டுகிறோம்!