சாமிக்குக் கொடுத்த காலணி

புதன்கிழமை என்றால் அந்த அரசு மருத்துவமனையின் பதினோராம் அறையில் கைக்குழந்தைகளின் அழுகைதான். எல்லாம் பிறக்கும்போதே பாதம் உள்நோக்கி வளைந்த பிள்ளைகள். வாரம் ஒரு மாவுக்கட்டு. கட்டுக்குக் கட்டு பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். மருத்துவர் செல்வநாயகி இருபது வருடமாக இதைச் செய்கிறார். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் பரிதி. நல்ல கை. வாய்தான் முந்திக்கொள்ளும்.

அன்று இசக்கியம்மாள் ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போன வருடம் ஆறு கட்டுப் போட்டு, குதிகால் தசைநாரைச் சின்னதாக வெட்டிவிட்டு, பரிதியே நேராக்கி அனுப்பிய கால். மறுபடியும் உள்ளே திரும்பியிருந்தது.

"கம்பி வச்ச காலணி குடுத்தேனே, மாட்டினியா?"

"பத்து நாள் மாட்டினேன் ஐயா."

"நாலு வயசு வரைக்கும் தூங்கும்போது மாட்டணும்மா! நீயெல்லாம் ஒரு தாயா?"

பரிதி நோயாளிச் சீட்டை இழுத்து, 'தாயின் அலட்சியம்' என்று எழுதினார். பிறகு செல்வநாயகியிடம் திரும்பினார்.

"மேடம், காலை நேராக்கிடலாம். இவங்க புத்தியை எப்படி நேராக்குறது?"

செல்வநாயகி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இசக்கியம்மாளை உட்காரச் சொன்னார்.

"காலணி இப்ப எங்கம்மா இருக்கு?"

"கோயில்ல."

"கோயில்லயா?"

"மாரியாத்தாளுக்கு நேந்திருந்தேம்மா. பிள்ள இப்படிப் பிறந்ததுக்கு என்னையத்தான் சொன்னாவ, கிரகணத்துல வயித்துப் பிள்ளையோட வெளிய வந்துட்டேன்னு. எங்க வீட்டுக்காரரு என்னைய வீட்டுல சேக்கல. கால் கொணமானா வெள்ளியில கால் உருவம் செஞ்சு போடுதேன்னு நேந்தேன். வெள்ளிக்கு நான் எங்க போவ? பிள்ள கால்ல கிடந்தது அது ஒண்ணுதான். மஞ்ச தடவி ஆத்தா முன்னால வச்சிட்டு வந்தேன்."

"கொணமாயிட்டுன்னு யாரு சொன்னா?"

இசக்கியம்மாள் பரிதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் பரிதிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஐயாதான். கட்டைப் பிரிச்ச அன்னைக்கு. 'குணமாயிடுச்சு, சந்தோஷமாப் போ'ன்னாவ. அவுக கால்லயே விழுந்து கும்புட்டேன். அதைக் கேட்டுத்தான் அவரும் வந்து கூட்டிட்டுப் போனாரு. இப்ப மறுபடி எங்கம்மா வீட்டுலயே கொண்டாந்து விட்டுட்டாரு."

"காலணி மாட்டணும்னும் சொன்னேன் மேடம்," என்றார் பரிதி.

"எப்போ?"

"அதுக்கப்புறம்."

"அதுக்கப்புறம் சொன்னது எதுவும் அவ காதுல ஏறியிருக்குமா?"

இசக்கியம்மாள் மகனின் பாதத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளியில போடாம, போட்டுக் கழட்டுனதைப் போட்டேன்லா? அதுக்குத்தான் ஆத்தா கோவிச்சுட்டாளோ?"

செல்வநாயகி அவள் தோளைத் தொட்டார்.

"ஆத்தாளுக்குக் கோவமும் இல்ல, கிரகணத்துல ஒண்ணும் இல்ல. நீ எந்தத் தப்பும் பண்ணல. திரும்பக் கட்டுப் போடுவோம், நேராகும். வேற காலணி தருவோம். ஆனா பிள்ளைக்கு நாலு வயசு முடியிற வரைக்கும் குணமாயிட்டுன்னு யார் சொன்னாலும் நம்பாத. நான் சொன்னாலும்."

"அதுவரைக்கும் அவரு கூட்டிட்டுப் போவாரா?"

அவள் கேட்டுவிட்டு, தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரிதி முழங்காலிட்டு, வளைந்த பாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். கட்டுப் போட்டு, மாவு இறுகும்வரை பிடித்திருந்தார். பிள்ளை வீரிட்டது. தாய் சேலைத் தலைப்பால் அதன் முகத்தைத் துடைத்தபடியே இருந்தாள்.

அவர்கள் போன பிறகு பரிதி சீட்டை எடுத்து, தாம் எழுதியதை அடித்தார். பேனா அங்கேயே நின்றது.

"இந்த இடத்துல என்ன எழுதட்டும் மேடம்?"

"கட்டுன புருஷன் அவளை நம்பல. அவ உன் ஒரு வார்த்தையை நம்பி சாமி சன்னதி வரைக்கும் போயிருக்கா. அதை எழுது."