ஓடியவள் கையில் விழுந்த கொடி

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட வழக்குகள் ஏராளம். ஒரு பரிசை மூன்று பேர் வேண்டாமென்று தள்ளிய வழக்கு இது. கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மதுரையில் கம்ப்ரசர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் சுடரொளி, மாலையானால் ‘ஏழுகோட்டை’ என்னும் இணைய விளையாட்டுக்குள் நுழைந்துவிடுவாள். வாளும் வில்லும் மந்திரக்கோலும் ஏந்தித் திரியும் அந்த உலகில் அவள் துப்பாக்கிப் பொறியாளர். இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. முதுகில் மடக்கிய பெருந்துப்பாக்கி. அதைத் தரையில் நட்டு முடுக்கிவிட்டால், பகையைத் தேடித் தானே சுடும். ஆனால் நட்டவர் உயிரோடு இருக்கவேண்டும். அவர் விழுந்தால் துப்பாக்கி ஓய்ந்துவிடும். அவர் எழுந்தால் அதுவும் எழும்.

அவளுக்குக் கூட்டாளிகள் இருவர். நாகர்கோவில் ஃபெலிக்ஸ் கேடயம் பிடிப்பவர். மேலப்பாளையம் ரமீஸா உயிர்மீட்கும் மருத்துவச்சி. மூவரும் நேரில் பார்த்ததில்லை. ஹெட்செட்டில் கேட்கும் குரல்தான் முகம். ஆனாலும் அண்ணன், அக்கா என்றாகி வெகுகாலம் ஆயிற்று.

இரும்புச்செதில் பாம்பை முதலில் கொல்லும் அணிக்கு ஒரு கொடி கிடைக்கும் என்று விளையாட்டில் அறிவித்தார்கள். கொடி ஒன்றே. அதை வைத்திருப்பவரின் பெயர் கோட்டைவாசலில் பொறிக்கப்படும். குகைக்குள் போகுமுன் மூவரும் பேசிக்கொண்டார்கள்: “கடைசிவரைக்கும் நின்னவங்களுக்குத்தான் கொடி.”

சண்டை நன்றாகத்தான் தொடங்கியது. சுடரொளி துப்பாக்கியை நட்டாள். ஃபெலிக்ஸ் முன்னால் நின்றார். பாம்பு பாதி உயிரை இழந்தபோது சீறித் தீ உமிழ்ந்தது. அதில் சுடரொளி விழுந்தாள். துப்பாக்கி ஓய்ந்தது. பாம்பின் தலை ரமீஸாவின் பக்கம் திரும்பியது.

ரமீஸாவிடம் ஒரேயொரு மந்திரம் மிச்சமிருந்தது. அதைக் கவசமாக்கித் தன்னையோ ஃபெலிக்ஸையோ காத்துக்கொள்ளலாம். அல்லது விழுந்தவளை எழுப்பலாம். சுடரொளியை எழுப்பினாள். அடுத்த கணமே பாம்பு வால் வீசியதில் ரமீஸா மாண்டாள்.

எழுந்த சுடரொளி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மலைபோல் பாம்பு. “அண்ணே!” என்று கூப்பிட்டாள். ஃபெலிக்ஸிடமிருந்து பதில் இல்லை. கேடயத்தை உயர்த்தியபடி அவர் நின்றுகொண்டிருந்தார். சுடரொளியின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கி நிறையக் குண்டு இருந்தது. அதைத் தொடவில்லை. திரும்பினாள், ஓடினாள். முதுகுக்குப் பின்னால் நட்ட துப்பாக்கி மறுபடி வெடிக்கத் தொடங்கியதுகூட அவள் மனத்தில் ஏறவில்லை. ஃபெலிக்ஸ் சாய்ந்தார். பாம்பு அவளைத் துரத்தியது. அவள் குகைவாசலை எட்டும்போது பெருந்துப்பாக்கியின் குண்டு பாய்ந்து பாம்பு சுருண்டது. உயிரோடு எஞ்சியவள் அவளே என்பதால் கொடி அவள் கையில் வந்து விழுந்தது.

கோட்டைச் சதுக்கத்தில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். “தான் பிழைத்தால்தான் துப்பாக்கி பிழைக்கும் என்று ஓடினாள் பாருங்கள், அது மூளை!” என்றார்கள். “கேடயக்காரர் இமைகூட அசைக்கவில்லையே!” என்றார்கள். சுடரொளி எல்லோருக்கும் கும்பிடு போட்டு நன்றி எழுதினாள். எழுதும்போதே காது மடல் சுட்டது.

பிறகு மூவரும் தனியே பேசினார்கள். ஃபெலிக்ஸ்தான் முதலில் வாய் திறந்தார்.

“கொடி எனக்கு வேண்டாம் பிள்ளே. நடுவுல கரண்ட் போச்சு. நின்னது என் பொம்மைதான், நான் இல்ல. இருந்திருந்தா ஓடியிருப்பேனோ என்னவோ.”

சுடரொளி தன் கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். அண்ணன் இவ்வளவு சொன்னபிறகு தான் மட்டும் கும்பிடு வாங்கிக்கொண்டு இருப்பதா?

“நானும் சொல்லிடுறேண்ணே. மூளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயந்து ஓடினேன். நட்ட துப்பாக்கி நினைப்பே வரல. அக்கா உயிரைக் குடுத்து எழுப்பிவிட்டாங்க, நான் அவங்க கிடந்த பக்கம்கூடத் திரும்பிப் பாக்கல. கொடி அக்காவுக்கு.”

ரமீஸா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒன்னைய எழுப்புனது ஒனக்காக இல்லளா. அந்தத் துப்பாக்கிக்காக. நீ எந்திரிச்சதும் ‘ஓடு, ஓடு’ன்னு கத்துனேன். செத்தவ சத்தம் உயிரோட இருக்கவங்களுக்குக் கேக்காதுல்லா, இந்த வெளையாட்டுல. ஃபெலிக்ஸ் தம்பி சாவாருன்னும் தெரியும். பாம்பு அவர்கிட்ட நிக்கிற நேரம் துப்பாக்கிக்கு வேணும்னு விட்டுட்டேன். அவர பலி குடுத்துட்டு நான் கொடி வாங்கவா?”

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதது அன்று நல்லதாகப் போயிற்று.

நின்றவர் அங்கே இல்லை. இருந்தவள் நிற்கவில்லை. மருத்துவச்சியோ பாதியிலேயே விழுந்துவிட்டாள். ‘கடைசிவரை நின்றவருக்கே’ என்று சொன்ன சொல்லும் தவறக்கூடாது. அப்படியானால் அந்தக் கொடி யாருக்கு உரியது?

*விடை:* ரமீஸாவுக்கே. நிற்பது காலின் வேலை என்றால் ஃபெலிக்ஸின் பொம்மைக்கே கொடியைக் கொடுத்துவிடலாம். பிழைத்திருப்பதுதான் நிற்பது என்றால் பயமும் வீரமாகிவிடும். செய்வது இன்னதென்று அறிந்து செய்து, செத்தபிறகும் களத்தைவிட்டு மனம் அகலாமல் ‘ஓடு’ என்று கத்திக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். பலி கொடுத்தேன் என்று அவள் வெட்கப்பட்டது நியாயமே. ஆனால் அந்தப் பலியில் முதலில் வைத்தது தன்னை. ஃபெலிக்ஸும் இதையே சொன்னார். சுடரொளி கொடியை ரமீஸாவின் கையில் வைத்தாள். வாசலில் ரமீஸாவின் பெயர் இருக்கிறது. ஆனால் சதுக்கத்தில் சுடரொளியைக் காண்பவர்கள் இன்றும் அவள் மூளையைத்தான் மெச்சுகிறார்கள். “இல்லைங்க, பயந்துதான் ஓடினேன்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்க்கிறாள். எவ்வளவு அடக்கம் என்று சொல்லிப் போகிறார்கள்.