கோட்டை வாசலில் தொங்கிய சீட்டு

மயிலூற்றுக் கோட்டையை ஆண்ட ரகுவீர ராஜாவுக்கு ஒருநாள் பெரிய மானக்கேடு வந்துவிட்டது. ஆற்று நீர் ஒப்பந்தத்தைப் பார்க்கப் பக்கத்து நாட்டுத் தூதர் வந்து உட்கார்ந்திருக்கிறார். சுவடி அறையில் தேடுகிறார்கள், தேடுகிறார்கள், ஓலை அகப்படவில்லை. கடைசியில் கிடைத்தது ராஜாவின் யானைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது எழுதிய மருந்துக் குறிப்பு!

தூதர் போனதும் ராஜா விகடகவி பிச்சாண்டியைக் கூப்பிட்டார்.

“சும்மா சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறாய்? அந்த அறையை ஒழுங்குபடுத்து.”

“மகாராஜா, என் வீட்டில் என் மேல்துண்டையே என் மனைவிதான் தேடித் தருகிறாள்.”

“இது உத்தரவு!”

பிச்சாண்டி யோசித்து ஒரு வழி கண்டான். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துணிச்சீட்டு. ‘வரி’ என்று பெட்டியில் கட்டினால், உள்ளே இருக்கும் கட்டுகள், கட்டுக்குள் இருக்கும் ஓலைகள் எல்லாமே ‘வரி’. ஒவ்வொன்றிலும் எழுத வேண்டியதில்லை. உள்ளே வேறு சீட்டு இருந்து இரண்டும் முரண்பட்டால்? வெளிச்சீட்டு சொன்னதே செல்லும்.

ராஜா சொக்கிப்போனார். அதை அப்படியே சட்டமாக்கி முத்திரையும் வைத்துவிட்டார். பிச்சாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. பிரதானி கோனேரியிடம் போய், “இவ்வளவு காலம் என் மூளையை நகைச்சுவைக்கு வீணாக்கிவிட்டேன், பிரதானியாரே!” என்று பீற்றிக்கொண்டான்.

கோனேரிக்கு ஏற்கெனவே பிச்சாண்டியைக் கண்டால் ஆகாது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சபையில் கோனேரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதன்மேல் ‘ராஜத்துரோகம்’ என்று சீட்டு. திறந்தால் உள்ளே பிச்சாண்டியின் பாட்டுக் கட்டு!

“மகாராஜா, துரோகப் பாட்டு எழுதினவனுக்கு நாடுகடத்தல். அதுவும் சட்டம்தான்.”

“பிரபு, அது உங்கள் மீசையைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு! நீங்களே சிரித்தீர்கள். கட்டின் மேலே ‘நகைச்சுவை’ என்று எழுதியிருக்கிறதே!”

“உள்சீட்டு செல்லாதே,” என்றார் கோனேரி. “வெளிச்சீட்டு சொன்னதே செல்லும். யார் வகுத்த விதி, பிச்சாண்டி?”

பிச்சாண்டி தன் தலையைத் தொட்டுக் காட்டினான். “இந்த மண்டைதான்.”

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் முத்திரை அவருடையது. “பிச்சாண்டி, போகுமுன் ஏதாவது வேண்டுமானால் கேள்,” என்றார்.

“ஒரு துண்டுத் துணியும் கொஞ்சம் மையும் போதும், பிரபு. வழியனுப்பத் தாங்கள் கோட்டை வாசலுக்கு வெளியே வரை வர வேண்டும்.”

பிச்சாண்டி ஏதோ எழுதி எடுத்துக்கொண்டான். எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். ராஜா பிச்சாண்டியோடு வெளியே வந்தார். கோனேரி பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு வாசலுக்கு உள்ளேயே நின்றார். பிச்சாண்டி கோட்டைக் கதவின் வெளி வளையத்தில் தன் சீட்டைக் கட்டினான்.

ராஜா உரக்கப் படித்தார்: “பிச்சாண்டியின் முட்டாள்தனம்.”

“ஆமாம் பிரபு. இனி இந்தக் கோட்டைக்குள் இருப்பதெல்லாம் என் முட்டாள்தனம். அந்தப் பெட்டி, அதன் சீட்டு, பாட்டு எல்லாமே. வெளிச்சீட்டு சொன்னதே செல்லும். முட்டாள்தனத்துக்கு நாடுகடத்தல் உண்டா?”

“இல்லை,” என்றார் ராஜா. “இருந்தால் சபையில் யார் மிஞ்சுவார்கள்?”

கோனேரி பதறினார். “என்ன திமிர்! அரண்மனையும் கோட்டைக்குள்தானே இருக்கிறது? அப்படியானால் மகாராஜாவும்...”

“அதனால்தான் மகாராஜாவை முதலில் வெளியே அழைத்து வந்தேன்,” என்றான் பிச்சாண்டி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அங்கேயே உத்தரவு போட்டார். “சீட்டு இனிமேல் தேடுவதற்கு மட்டும்தான், தண்டிப்பதற்கு அல்ல. ஓலையைப் படிக்காமல் எவனும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.” தம் பட்டுச் சால்வையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போர்த்தினார். பிறகு உள்ளே போகக் காலெடுத்து வைத்தவர் சட்டென்று நின்று, கதவில் இருந்த சீட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார்.

கோனேரி முகம் கறுத்துப்போய் நின்றார். “இத்தனை பேர் எதிரில் என்னையும் முட்டாள்தனத்தில் சேர்த்துவிட்டாயே!”

“வருத்தப்படாதீர்கள், பிரதானியாரே,” என்றான் பிச்சாண்டி. “சீட்டில் எழுதியது என்னுடைய முட்டாள்தனம் மட்டும்தான். உங்களுடையதற்கு நீங்கள்தான் தனியாக ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும்.”